புலி ஏன் பச்சையாக இல்லை?

காட்டுப்பாதை கேட்டது:

வணக்கம். பறவைகளைப் படம் எடுப்பவன் நான். கொஞ்ச நாளாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சந்தேகத்தை இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

சருகு நிறைந்த ஒரு வெட்டவெளியில் பக்கி என்ற இரவுப்பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. உடன் வந்த நண்பர் விரலை நீட்டி, "அந்தக் கல்லுக்கு இடப்பக்கம், இரண்டு சாண் தள்ளி" என்று சொல்லியும் எனக்குச் சருகுதான் தெரிந்தது. அது இமையைக் கொஞ்சம் திறந்தபோது கண் பளிச்சிட்டது. அதற்கப்புறம்தான் அலகு, இறக்கை, வால் எல்லாம் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், பிறகு அதைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை.

பக்கி சரி. சருகு நிறம், சருகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் புலி? பச்சைப் புதருக்குள் செம்மஞ்சள் நிறத்தில் அவ்வளவு பெரிய விலங்கு எப்படி ஒளிய முடியும்? மானின் கண்ணுக்கு அது தெரியாமலா போகும்? பச்சைப் புலி ஒன்று உருவாகியிருந்தால் வேட்டை இன்னும் சுலபமாக இருந்திருக்காதா?

இன்னொன்றும் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கென்றே பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சிட்ட உடைகள் விற்கிறார்கள். பறவையின் கண்ணுக்கு அது உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா, இல்லை நம் திருப்திக்குத்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறகன் பதில்:

நான் அந்துப்பூச்சி ஆள், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நிறம் ஒத்துப்போவது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 'பெப்பர்டு மாத்' என்ற அந்துப்பூச்சி இருக்கிறது. வெளிறிய உடல், அதில் கரும்புள்ளிகள். மரப்பட்டையில் பாசி போலப் படர்ந்திருக்கும் லைக்கன் என்ற உயிரியின் மேல் உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கடினம். தொழிற்சாலைப் புகை லைக்கனைக் கொன்று, பட்டையில் கரி படிய வைத்தது. 1848-ல் மான்செஸ்டரில் முழுக்கக் கறுத்த ஒன்று பதிவானது. 1895 வாக்கில் அந்த நகரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பாகிவிட்டன. 1956-ல் தூய காற்றுக்கான சட்டம் வந்து புகை குறைந்தது. அப்புறம் பழைய வெளிறிய வகையே மீண்டும் பெருகியது.

பறவைகள்தான் இந்தத் தேர்வைச் செய்தன என்பதைக் காட்ட 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனைகளைப் பலர் குறை சொன்னார்கள். மைக்கேல் மஜெரஸ் என்ற அறிஞர் 2001 முதல் 2007 வரை 4,864 அந்துப்பூச்சிகளை விட்டுப் பார்த்து, தூய்மையான இடத்தில் கறுப்பு வகையைத்தான் பறவைகள் அதிகம் தின்கின்றன என்று உறுதிசெய்தார். அவர் மறைந்த பிறகு, 2012-ல்தான் அந்த முடிவுகள் வெளியாயின. தனி மனிதராக அவர் காட்டிய பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

புலிக்கு என்னிடம் பதில் இல்லை. தூரிகை அக்கா வந்தால் சொல்வார்.

தூரிகை பதில்:

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன். அருங்காட்சியகங்களில் பதப்படுத்திய விலங்குகளை வைக்கும் கண்ணாடிப் பேழைகளுக்குப் பின்னணி வரைவது என் வேலை. மலை, புதர், புல்வெளி, தூரத்து மூட்டம் எல்லாம் சுவரில் வரைவோம். அதன் முன்னால் விலங்கு நிற்கும். பார்க்க வருபவருக்கு விலங்கு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும். விலங்கின் உடலோ தெரியாமல் இருப்பதற்கென்றே அமைந்தது. இந்த இழுபறியில்தான் எனக்கு உருமறைப்பு புரிந்தது. வயதில் பெரியவள் என்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

முதலில் புலி. நீங்கள் புலியை உங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள் தம்பி. மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. பச்சையையும் செம்மஞ்சளையும் பிரித்துச் சொல்லும் திறன் அதற்குக் கிடையாது. நமக்குக் கொழுந்துவிட்டு எரிவதாகத் தெரியும் அந்தத் தோல், மானுக்குப் புதரின் நிறத்திலேயே கரைந்துவிடுகிறது. சில நாடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொள்வதும் இதனால்தான். சக வேட்டைக்காரருக்கு அவர்கள் தெரிவார்கள், மானுக்கு உறுத்தாது.

பச்சைப் புலி ஏன் இல்லை என்றால், பாலூட்டிகளின் மயிரில் பச்சைச் சாயம் உருவாகும் வழியே இல்லை. மெலனின் என்ற நிறமியில் இரண்டு வகைதான் அவற்றிடம் உண்டு. ஒன்று கறுப்பு, பழுப்பு தரும். மற்றது மஞ்சள், செம்மை தரும். மரத்தில் தொங்கும் ஸ்லாத் பச்சையாகத் தெரிகிறதே என்று கேட்பீர்கள். அது அதன் மயிரில் வளரும் பாசியின் பச்சை. புலி தன்னிடம் இருக்கும் இரண்டே சாயத்தை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் கண்ணுக்கு ஏற்றபடி காரியத்தை முடித்துக்கொண்டது. எனவே ஒரு விலங்கு மறைந்திருக்கிறதா என்று கேட்கும் முன்னால், யாருடைய கண்ணிலிருந்து என்று கேளுங்கள். என் வேலையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே நூல் இது.

இனி நிழல். நிறத்தைவிட நிழல் பெரிய காட்டிக்கொடுப்பான். சுற்றிலும் பழுப்பு மண் இருக்க, ஒரு உருண்டையை அதே பழுப்பில் தீட்டி வையுங்கள். மேலே வெயில் பட்டு வெளுக்கும், அடியில் நிழல் விழுந்து கறுக்கும். உருண்டை என்று கண் உடனே பிடித்துவிடும். ஓவியர்கள் தட்டையான துணியில் உருண்டையை வரைவது இந்த வித்தையால்தான். விலங்குகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வெயில் படும் முதுகு கருமை, நிழல் விழும் வயிறு வெண்மை. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, உடல் தட்டையாகிவிடுகிறது. மான், முயல், சுறா, சாளை மீன் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். இதை 1896-ல் தெளிவாக எழுதிக் காட்டியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். உயிரியலாளர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு ஓவியர் சொன்னார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. பிற்பாடு அவர் எல்லை மீறிப் போனார். அந்திவானத்தில் மறையத்தான் ஃபிளமிங்கோ பறவை சிவந்திருக்கிறது என்றெல்லாம் வாதாடி, முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் காட்டமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் நிழல் பற்றி அவர் சொன்னது நின்றுவிட்டது.

அதற்கு நல்ல சாட்சி ஆப்பிரிக்காவில் ஒரு கெளுத்தி மீன். அது மல்லாந்து நீந்தும். அதன் வயிறு கருமை, முதுகு வெளிர்! கிளையில் தலைகீழாகத் தொங்கித் தின்னும் சில கம்பளிப்புழுக்களிலும் இப்படித்தான். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கறுக்கிறது. பேழைக்குள் எனக்கு இது தினசரிப் பாடம். மேல்விளக்கில் மான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தரையில் ஒரு சின்ன விளக்கு வைத்து வயிற்றுக்கு வெளிச்சம் காட்டினால் போதும், முழு உடலும் எழும்பி முன்னால் வந்துவிடும்.

நிழலுக்கு அடுத்தது விளிம்பு. கண் ஒரு பொருளை அதன் ஓரக்கோட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. புலியின் வரி, சிறுத்தையின் புள்ளி எல்லாம் அந்த ஓரக்கோட்டை அங்கங்கே வெட்டிவிடுகின்றன. பட்டை உடலின் ஓரம் வரை போய் அங்கே அறுந்து நிற்கும்போது, இது ஒரே உடல் என்று மூளை சேர்த்துப் பார்ப்பது தடைப்படுகிறது.

இந்த வித்தையில் யாரும் மிஞ்ச முடியாத கடல் உயிர் கணவாய். தோலில் இருக்கும் நுண்ணிய சாயப் பைகள் ஒவ்வொன்றையும் சுற்றித் தசைநார்கள். மூளை கட்டளையிட்டதும் பை விரியும், சுருங்கும். ஒரு நொடிக்குள் உடல் முழுக்க மாறிவிடும். ரோஜர் ஹேன்லன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் பார்த்து, அதன் கோலங்களைச் சீரானது, புள்ளி படர்ந்தது, உடலை வெட்டிக்காட்டுவது என்று மூன்று பெரிய வகைகளுக்குள் அடக்கினார். அடியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட பலகையை வைத்தால், கட்டத்தின் அளவைப் பொறுத்து முதுகில் ஒரு வெள்ளைச் சதுரத்தை எழுப்பும். இதில் என்னைத் திகைக்க வைப்பது வேறொன்று. கணவாயின் கண்ணில் ஒளியை அறியும் நிறமி ஒன்றே ஒன்றுதான். அதாவது அதற்கு நிறக்குருடு. தனக்குத் தெரியாத நிறங்களோடு அது ஒத்துப்போவது எப்படி என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது சாயக் குப்பிகளை வைத்துக்கொண்டு ஒரு பாறையின் பழுப்பைப் பிடிக்கத் திணறுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கிக்கு வருகிறேன். "சருகு நிறம், சருகில் இருக்கிறது" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரே இனத்திலும் ஒரு பறவை கொஞ்சம் சாம்பல், இன்னொன்று கொஞ்சம் செம்மை. ஜாம்பியாவில் பக்கிகளையும் தரையில் முட்டையிடும் வேறு சில பறவைகளையும் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு: ஒவ்வொரு பறவையும் தன் இறகுக்கும் முட்டைக்கும் பொருந்தும் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்து உட்காருகிறது. தன் நிறம் அதற்கு எப்படித் தெரியும் என்பது தனிக் கேள்வி. தோல் பாதி வேலை செய்கிறது, இடத்தேர்வு மீதிப் பாதியைச் செய்கிறது.

காட்டுப்பாதை:

அக்கா, புலி விஷயம் இப்போது தலைகீழாகிவிட்டது. நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வரிக்குதிரை எங்கே பொருந்துகிறது? வெட்டவெளிப் புல்லில் கறுப்பு வெள்ளைப் பட்டை எதையும் மறைப்பதாகத் தெரியவில்லையே. உலகப் போர்க் காலத்தில் கப்பல்களுக்கும் இப்படிப் பட்டை அடித்தார்களாமே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

தூரிகை:

வரிக்குதிரையின் பட்டை மறைப்பதற்கு இல்லை என்றுதான் இப்போது பலரும் நினைக்கிறார்கள். சிங்கத்தின் கண் கூர்மை நம்முடையதைவிடக் குறைவு. சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் அதற்குப் பட்டையே தெரியாது, சாம்பலாகக் கலங்கிவிடும். டிம் கேரோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2019-ல் வெளியிட்ட சோதனையில், குதிரைகளுக்குப் பட்டை போட்ட துணி போர்த்திப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் அருகில் வந்தன, ஆனால் துணியின் மேல் சரியாக இறங்க முடியவில்லை. துணி மூடாத தலையில் வழக்கம்போல் உட்கார்ந்தன. ஆக, அங்கேயும் கேள்வி யாருடைய கண் என்பதுதான். சிங்கத்தின் கண்ணை விட்டுவிட்டு ஈயின் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது.

கப்பல் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கடல் ஓவியரான நார்மன் வில்கின்சன் ஒன்றை உணர்ந்தார். கடல் நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறுகிறது, புகைபோக்கி புகை விடுகிறது. கப்பலை ஒளித்துவைக்க எந்தச் சாயத்தாலும் முடியாது. ஆனால் டார்பீடோ என்ற நீருக்கடிக் குண்டை விடுகிறவன் கப்பல் இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைப்பதில்லை. அது போய்ச் சேரப்போகும் இடத்தைக் கணக்கிட்டுக் குறிவைக்கிறான். அதற்குக் கப்பலின் வேகமும் திசையும் தெரிய வேண்டும். அந்தக் கணக்கைக் கெடுத்தால் போதுமே! கோணல் பட்டைகளும் பொய் அலைகளும் கறுப்பு வெள்ளை நீலத்தில் தீட்டினார்கள். நீர்மூழ்கியிலிருந்து மேலே நீட்டும் பெரிஸ்கோப் குழாயில் பார்ப்பவனுக்கு முன்பக்கம் எது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குழப்பம் வர வேண்டும். சின்ன மாதிரிக் கப்பல்களுக்குச் சாயம் பூசி, பெரிஸ்கோப் வழியே பார்த்துத் திருத்தி, பிறகு துறைமுகத்துக்கு வரைபடம் அனுப்பினார்கள். இதில் பெண் ஓவியர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். எத்தனை கப்பல்களை இது காப்பாற்றியது என்று போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. மாலுமிகளுக்குத் தைரியம் கொடுத்தது என்பது மட்டும் உறுதி.

முழுக்க ஒளிந்துகொண்ட கப்பலும் ஒன்று உண்டு. 1942-ல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது, ஆபிரகாம் கிரைன்சன் என்ற டச்சுக் கப்பலின் மாலுமிகள் தீவுகளில் இறங்கி மரக்கிளைகளை வெட்டி வந்து தளம் முழுக்கக் கட்டினார்கள். வெளியே தெரிந்த இடங்களுக்குப் பாறை நிறம் பூசினார்கள். பகலில் கரையோரம் நங்கூரம் பாய்ச்சி அசையாமல் நிற்கும், இரவில் மட்டும் ஓடும். ஆகாயத்திலிருந்து பார்த்த விமானிக்கு இன்னொரு சிறு தீவு, அவ்வளவுதான். பத்திரமாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. பகலில் ஓடியிருந்தால் அத்தனை இலையும் வீண். தீவு நகராது அல்லவா?

இதே பாடத்தை மறந்ததற்கு அண்மைக்கால உதாரணமும் இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படை 2004-ல் பாலை, காடு, நகரம் எல்லாவற்றுக்கும் ஒரே உடை என்று சாம்பலும் மணல் நிறமுமாகக் குட்டிக்குட்டிச் சதுரங்கள் போட்ட ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கேயும் பொருந்தவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றால் சதுரங்கள் கலந்து ஒரே வெளிறிய மொத்தையாகிவிடும். ஆப்கானிஸ்தான் போன வீரர்களுக்கு 2010-ல் வேறு உடை கொடுக்க வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து பார்க்காமல் மேசைமேல் வைத்து அழகு பார்த்த வடிவம் என்று அதைப் பார்த்த அன்றே எனக்குத் தோன்றியது.

வேர்க்கால் பதில்:

எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் பஃப் ஆடர் என்ற விரியன் நாள்கணக்கில் ஒரே இடத்தில் பதுங்கியிருக்கும். பயிற்சி பெற்ற நாய்களாலும், கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கேட்டுகளாலும் அதன் வாசனையைப் பிடிக்க முடியவில்லை என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஹார்லெக்வின் ஃபைல்ஃபிஷ் என்ற மீன் தான் தின்னும் பவளத்தின் வாசனையையே தன் மேல் ஏற்றிக்கொள்கிறது. குச்சி மாதிரி இருக்கும் ஒரு ஜப்பானியக் கம்பளிப்புழுவின் மேல் எறும்புகள் ஏறி நடந்துபோகும், அதைப் புழு என்றே அறியாமல். அது தின்னும் செடியின் மணம் அதன் தோலிலும் இருக்கிறது.

என் துறை செடிகள். அதில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சீனாவின் ஹெங்துவான் மலைகளில், சரளைக்கல் சரிவுகளில் ஃப்ரிட்டில்லாரியா டெலவாயி என்ற செடி வளர்கிறது. அதன் கிழங்கை மருந்துக்காக நெடுங்காலமாகத் தோண்டி எடுக்கிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் அதன் இலை பச்சையாக இருக்கிறது. அதிகம் தோண்டும் இடங்களில் இலை சாம்பலும் பழுப்புமாக, சுற்றியுள்ள கல்லோடு ஒன்றிக் கிடக்கிறது. கண்ணில் பட்டதை மனிதர்கள் பறித்துவிட, படாதவைதான் விதை போட்டன. 2020-ல் வெளியான ஆய்வு இது. தூரிகை அம்மா கேட்கும் கேள்விக்கு இங்கே விடை நாம்தான். அந்தச் செடி ஒளிவது நம் கண்ணிலிருந்து.

சிறகன்:

அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். வட அமெரிக்காவின் பனிமுயல் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். மயிர் மாறும் காலத்தைப் பகலின் நீளம்தான் தீர்மானிக்கிறது, பனி விழுவது அல்ல. இப்போது பனி தாமதமாக விழுந்து சீக்கிரம் உருகுகிறது. பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று நிற்கிறது, தான் மறைந்திருப்பதாக நினைத்து ஓடாமலும் இருக்கிறது. அப்படி நிறம் பொருந்தாத முயல்கள் பிழைக்கும் வாய்ப்பு ஒரு வாரத்தில் ஏழு சதவீதம் வரை குறைகிறது என்று 2016-ல் கணக்கிட்டார்கள். பனி குறைந்த கடலோரப் பகுதிகளில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் முயல்கள் உண்டு. அந்த மரபணு வேறொரு முயல் இனத்தோடு கலந்ததால் வந்தது. அது மற்ற இடங்களுக்கும் பரவுமா என்பதில்தான் என் நம்பிக்கை.

தூரிகை:

உடை பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை தம்பி, சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான பறவைகளுக்குக் கூம்புச் செல்கள் நான்கு வகை. பலவற்றுக்குப் புற ஊதாவும் தெரியும். அவற்றை நிறத்தால் ஏமாற்றுவது கடினம். 'வெள்ளையைவிட வெள்ளை' என்று விற்கும் சலவைத்தூளில் ஒளிரூட்டிகள் இருக்கும். புற ஊதாவை வாங்கி நீலமாக வெளியிடுவதுதான் அவற்றின் வேலை. அதில் துவைத்தால் எவ்வளவு நல்ல அச்சும் கெட்டுப்போகும். மங்கலான, திட்டு உள்ள உடை ஓரளவு உதவும். ஆனால் காட்டிக்கொடுப்பது முகமும் கையும்தான். வெளிறிய உள்ளங்கை கேமராவுக்குப் போய் வருவதைப் பறவை முதலில் பார்க்கும். ஒரு மெல்லிய வலையும் கையுறையும் சட்டையைவிட அதிகம் வேலை செய்யும். முதுகுக்குப் பின்னால் புதரோ மரமோ இருக்கும்படி உட்காருங்கள். வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் எந்த உடையும் பயனில்லை. மெதுவாக அசையுங்கள், முடிந்தால் அசையவே வேண்டாம்.

பக்கியைப் படம் எடுக்கும்போது ஒன்று மட்டும் கட்டாயம் கவனியுங்கள். அது பறக்காமல் இருக்கிறது என்றால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள் இல்லை. தன் இறகை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் முட்டை இருக்கலாம். படம் தெளிவாக வர வேண்டும் என்று சிலர் சுற்றியிருக்கும் சருகையும் புல்லையும் ஒதுக்குகிறார்கள். நீங்கள் படத்தோடு திரும்பிவிடுவீர்கள். அடுத்து அந்தப் பக்கம் வரும் காக்கைக்கும் கீரிக்கும் அந்த இடம் திறந்து கிடக்கும். சருகு எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிட்டு, நீண்ட லென்ஸோடு தள்ளி நின்று எடுங்கள். பாதி மறைந்த பக்கியின் படம்தான் எனக்கும் வேண்டும், எடுத்தால் இங்கே போடுங்கள்.